பால் வெட்டப் பட்டுச்சேலை

எஹலியகொட போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். வேறு வேறு தோட்டத்துக்காரர்கள் போலும். இளையவள் சொன்ன ஒரு வார்த்தையில் என் தூக்கம் போய்விட்டது.

"பட்டுச்சேலை கட்டிக்கிட்டுத்தான்க்கா அன்னைக்குப் பால் வெட்டுனேன்."

"றப்பர் பால் பட்டா கறை போகாதேடி."

"கல்யாணச்சேலை வேற. கொழும்புல இருந்து டொகியுமென்டரி எடுக்கிற சார் வந்து, நாளைக்கு ஒங்க வேலையப் படம் புடிக்கிறோம்னு சொல்லிட்டுப் போனாரு. படம்னா சும்மா போய் நிக்க முடியுமா? மறுநாள் எங்க மலையில அத்தன பொம்பளைங்களும் பட்டு."

"அவரு என்ன சொன்னாரு?"

"தலையில கைய வச்சிக்கிட்டாரு. வேலைச் சேலையில வாங்க, ஒங்க கஷ்டத்தக் காட்டணும்னாரு. பட்டு கட்டுனா எங்க கஷ்டம் எங்க சார் போயிரும்னு கேட்டேன். அப்புறம் அப்படியே எடுத்தாரு."

"நல்லா கேட்ட."

"இப்ப அவரு படம் எடுக்கப் படிச்சிக் குடுக்கிறாரு. புதுப் பிள்ளைங்க வந்தா மொதல்ல என் படத்தத்தான் போட்டுக் காட்டுவாராம். போன மாசம் அதுங்களையும் கூட்டிக்கிட்டு வந்தாரு."

"திரும்பவும் பட்டா?"

"பட்டு எங்க கட்டுறதுக்கா? இந்தத் தடவ சொல்லாமலே வந்துட்டாங்க. கறை புடிச்ச கிழிஞ்ச சட்டையோட மாட்டிக்கிட்டோம்."

"அடுத்த தடவ என்னடி செய்வீங்க?"

"எப்ப வருவாங்கன்னு யாருக்குத் தெரியும்? அதான் இப்பல்லாம் தெனமும் பூ வச்சிக்கிட்டுத்தான் பால் வெட்டப் போறோம். கங்காணியும் தெனமும் சவரம் பண்ணிக்கிட்டு வாராரு."