ஜாமீன் கையெழுத்து

— கையெழுத்து கேட்டா காலைக் காட்டுற. இது என்னக்கா நியாயம்?

— பாரு. நல்லாப் பாரு. நாள் பூரா மருந்துக் கடையில நின்னா நரம்பு இப்படித்தான் முடிச்சு முடிச்சாப் புடைச்சுக்கும். இதையும் சேர்த்துதான்டீ அந்தக் காலேஜ்ல குடுக்கறாங்க. ஃபீஸ் தனி.

— விளையாடாதக்கா. பேங்க் நாலு மணிக்கு மூடிடும். இன்னிக்குள்ள உன் ஜாமீன் கையெழுத்து போகலைன்னா லோன் இல்ல. லோன் இல்லன்னா என் ஃபார்மசி சீட்டை அடுத்த ஆளுக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்க.

— முதல்ல அந்த ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கு. பாதி திறந்திருந்தா சாப்பிட விடமாட்டாங்க. நான் உக்கார்றதே இந்த அரை மணி நேரந்தான். அந்தப் பெட்டிய இழுத்துப் போட்டு நீயும் உக்காரு. டானிக் பெட்டிதான், தாங்கும்.

— பேச்ச மாத்துற.

— மாத்தலம்மா தாயே. நான் சொல்றதக் கேளு. நாலு வருஷப் படிப்புக்குத்தான் நானும் கடன் வாங்கினேன். கட்டினது பதினோரு வருஷம். என்கூட ஸ்கூல்ல படிச்சவ, படிப்பு ஏறலைன்னு தையல் கடை போட்டாளே, அவ சொந்த வீடு வாங்கி மாடியும் எடுத்துட்டா. நான் இன்னும் வாடகை வீட்டு ஓனர்கிட்ட, சார் செவுத்துல ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமான்னு கேட்டுட்டு நிக்கறேன்.

— அதுக்குன்னு? நான் ரெண்டு வருஷமா என்ன பண்றேன் தெரியுமா? யாரோ வித்த வாஷிங் மெஷினு, யாரோ வாங்கினது, அது ஓடலைன்னா போன்ல மன்னிப்பு கேக்கறது நான். நாள் முழுக்கத் திட்டு. சாயங்காலம் யோசிச்சுப் பாத்தா ஒரு முகம்கூட ஞாபகம் வராது. முகம் இருந்தாத்தானே வர்றதுக்கு.

— இங்க முகத்தோட திட்டுவாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

— சும்மா சொல்லாத.

— ஃபார்மசிஸ்டம்மா... சாப்பாட்டு நேரம், தப்பா நினைச்சுக்காதீங்க. மூட்டு வலி மாத்திரை ஒரே ஒரு அட்டை. இதோ, இதே மாதிரி.

— சொன்னேன்ல? குனிஞ்சு உள்ள வாங்கம்மா, தலைய இடிச்சுக்காதீங்க. யாருக்கு?

— எங்க மாமியாருக்கு. பக்கத்து வீட்டுல குடுத்தாங்க, ஒண்ணு போட்டதுமே நல்லாக் கேட்டுச்சுங்க.

— அவங்க வேற என்ன மாத்திரை சாப்பிடறாங்க?

— பிரஷருக்கு ஒண்ணு. அப்புறம் ஹார்ட் ஆபரேஷனுக்கு அப்புறம், ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு.

— அதோட இதைச் சேர்க்கக் கூடாதும்மா. உள்ளுக்குள்ளயே ரத்தம் கசிய ஆரம்பிச்சுடும். எப்பப் போட்டாங்க? வயித்து வலி இருக்கா? வெளிக்குப் போனது கறுப்பா இருந்துச்சா? உடம்புல எங்கயாவது கன்னிப்போயிருக்கா?

— நேத்துதாங்க. அப்படி ஒண்ணும் சொல்லலீங்க. நானும் கேக்கலியே... பயமா இருக்குங்க.

— பயப்படாதீங்க. இன்னொண்ணு மட்டும் குடுத்துடாதீங்க. டாக்டர் நம்பர் இருக்குல்ல? குடுங்க, நானே பேசறேன். வலிக்கு வேற கேட்டுச் சொல்றேன். நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்க.

...

— டாக்டர்கிட்டப் பேசும்போது உன் முகத்த நீ பாத்திருக்கணும்க்கா. அந்த அம்மா தெருமுனை திரும்பற வரைக்கும் எட்டிப் பாத்துட்டு நிக்கற. கால் வலியெல்லாம் எங்க போச்சு?

— அந்த சந்தோஷம் வந்தா வரும், வராட்டி இல்ல. தவணை மாசம் தவறாம வரும். இப்ப கடை மேனேஜர் கேப்பாரு பாரு, கேட்ட அட்டைய விக்காம, போனுக்கு வேற காசு செலவு பண்ணிருக்கியே மகராசின்னு.

— ஆனா வருதுல்ல? எனக்கு ரெண்டு வருஷத்துல ஒரு தடவகூட வரல.

— வருதுதான்.

— அப்ப கையெழுத்து போடு.

— போட முடியாதுடீ.

— ஏன்? கட்டாம உன் தலையில கட்டிடுவேன்னு பயமா?

— நீ கட்டுவ. அது எனக்குத் தெரியும்.

— பின்ன? உன் கடனே இன்னும் முடியலையேன்னா?

— என் கடன் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு.

— என்னது! வீட்டுல யார்கிட்டயும் மூச்சு விடலியே!

— சொன்னா, அடுத்து என்னன்னு கேப்பீங்க. அடுத்து... நான் இந்த வேலைய விடப் போறேன்.

— இந்த வேலையவா? இப்பத்தானே கண்ணால பாத்தேன்!

— பிடிச்ச வேலைதான். பிடிச்ச சாப்பாடுன்னு அதையே விடாம வாயில திணிச்சா என்ன ஆகும்? ஒரு கிளினிக்ல பாதி நாள் வேலை பேசி வச்சிருக்கேன். சம்பளமும் பாதிதான். ஆனா நின்னு பேசலாம், உக்காந்து சாப்பிடலாம். உனக்கு ஜாமீன் போட்டா அது நடக்காது. கடன் முடியற வரைக்கும் ஜாமீன்தாரருக்கு முழுச் சம்பளம் இருக்கணுமாம். பேங்க்ல கேட்டுட்டேன்.

— இத முதல்லயே சொல்ல வேண்டியதுதானே? அத விட்டுட்டு நரம்பக் காட்டிட்டு இருக்க!

— வாய் வரல. நான் தப்பிச்சுக்கறதுக்காக உன்னப் போகாதங்கறேன்னு ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு.

— ...சரி விடுக்கா. நீ போ, அந்த கிளினிக்குக்கே போ. நான் மாமாகிட்டக் கேக்கறேன். உனக்கும் அவர்தானே போட்டாரு? மறுபேச்சு பேசாம போட்டாருன்னு நீயே எத்தனை தடவ சொல்லிருக்க.

— மாமாகிட்டப் போகாத.

— ஏன், உனக்கொரு நியாயம், எனக்கொரு நியாயமா?

— கடன் முடிஞ்ச அன்னிக்கு நேரா அவர் வீட்டுக்குத்தான் போனேன். முதல்ல அவருக்குத்தான் சொல்லணும்னு. செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தாரு. நெஜமாவே முடிஞ்சிடுச்சான்னு ரெண்டு தடவ கேட்டாரு. அப்புறம் குவளையக் கீழ வச்சுட்டு, "அப்ப நான் பஸ் ஓட்டறத விட்டுடலாமாம்மா?"ன்னாரு.

— மாமாவா? அவருக்கு பஸ்னா உசிராச்சே?

— நானும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன். எனக்குக் கையெழுத்து போட்ட சமயத்துல அவரு பூச்செடி நர்சரி வைக்க இடம் பாத்து, அட்வான்ஸே குடுத்திருந்தாராம். அத விட்டுட்டாரு. முதுகு வலியோட அத்தனை வருஷமும் ஸ்டியரிங்கப் பிடிச்சுட்டு உக்காந்திருக்காரு. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.

— ஐயோ.

— நடுவுல நான் புது ஸ்கூட்டர் வாங்கினேன். ஃப்ரெண்ட்ஸோட டூர் போனேன். தவணையக் குறைச்சுக்கறேன்னு பேங்க்ல எழுதிக் குடுத்தேன், என்ன அவசரம்னு. தெரிஞ்சிருந்தா வாயக் கட்டி வயித்தக் கட்டி ஏழு வருஷத்துல முடிச்சிருப்பேன்டீ. சொல்லாம இருந்தா அது பெருந்தன்மைன்னு நினைச்சுட்டாரு மனுஷன். இப்ப அவர் முகத்த என்னால நேராப் பாக்க முடியல.

— அழாதக்கா. எனக்கு சீட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்தப் பேப்பரக் குடு, போறேன்.

— பேப்பர் மேலேருந்து கைய எடு. போடறேன்.

— அப்ப உன் கிளினிக்?

— அது இனி உன் கையில இருக்கு. நீ எவ்வளவு சீக்கிரம் கட்டி முடிக்கறியோ, அவ்வளவு சீக்கிரம் நான் போவேன். அவரு சொல்லாமப் போட்டாரு. நான் சொல்லிட்டுப் போடறேன். பேனாவக் குடு.