எத்தனை கவர்?

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். திருத்தணியில் ரயில் ஏறியபோது எதிர் சீட்டில் இருந்தவர், நாளை மறுநாள் மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர், தன் மனைவியின் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“சமையல்காரரு எத்தனை கவருன்னு கேட்டாரு மச்சான். அம்பது போதும்னுட்டேன்.”

“இன்னா பாவா இப்படிப் பண்ணிட்டே. ஓட்டல்ல கவருன்னா ஒரு ஆளுக்கு இலை, தம்ளர் எல்லாம் எடுத்து வெக்கிறது. பிரெஞ்சு வார்த்தை அது. அம்பது பேருக்குத்தான் சமைப்பாங்க.”

“நானூறு பேருக்குப் பத்திரிகை வெச்சிருக்கேனே. சம்பந்தி வீட்டு ஆளுங்க பசியோட போவாங்களா?” உடனே சமையல்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “ஏங்க, நானூறு கவரு போடுங்க.”

“சாப்பாடு நானூறு பேருக்குன்னு உங்க வீட்டம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்களே. நான் கேட்டது மிச்சத்தைக் கட்டிக் குடுக்கிற பிளாஸ்டிக் கவருங்க. அதுவுமா நானூறு?”

மைத்துனர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வேணாங்க, அம்பதே போதும். ஆனா ஒரு இலை சேத்துப் போடுங்க. இங்க ஒரு பிரெஞ்சுக்காரன் உக்காந்துகினு இருக்கான்.”

நிஜமாகவே அப்படி ஒரு வார்த்தை உண்டா என்று படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.