நாலாம் கார்டுக்குப் பக்கத்தில் நின்றவர்

— இன்னொரு தரம் சொல்லு கிருபா, மெதுவா. நாளைக்கு மில்லுல நாலு பேரு கேட்டா இந்தத் தனுஷ்கோடி விளக்கணும்லா.

— கம்ப்யூட்டர்ல ரெண்டு டேபிள், அதாவது ரெண்டு பட்டியல் சார். ஒண்ணு, கேட்டுல வாட்ச்மேன் டோக்கனை வாங்கிப் போட்ட வருகை. இன்னொண்ணு, உள்ள எந்த மிசின்ல யாரு நின்னாங்கன்னு சூப்பர்வைசர்மாரு நீங்க குடுத்தது. டோக்கன் நம்பரை வச்சு ரெண்டையும் கோக்கேன். ஒண்ணு வந்தாருன்னும் மத்தது வரலன்னும் சொல்லுத வரி மட்டும் வெளிய வரும்.

— இதுக்கா ஏசி ரூமு, செருப்பக் கழட்டுன்னு சட்டம்? நான் ஒரு மொறை மொறைச்சாலே உண்மை வந்துரும். சரி, போடு. மேஸ்திரி சுயம்புலிங்கம் பேரு அதுல வரணும்.

— இருந்தா வரும் சார்.

— இருக்கும். சொல்லுதேன் கேளு. போன வருசம் ஆடிப்பூரம். தேர் அன்னிக்கு நம்ம ஆளுவ என்ன செய்வான்? டோக்கனை அடுத்தவன் கையில குடுத்துட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடம் புடிக்கப் போயிருவான். அந்த மேஸ்திரி பெரிய யோக்கியன், டோக்கன் குடுத்து ஏமாத்த மாட்டான். ஆனா பகல் ஷிப்டு நேரத்துல வடக்கு ரத வீதியில வெறும் மேலோட தேருக்குக் கட்டை போட்டுட்டு நின்னான். அப்போ கேட்டுல வந்திருக்க மாட்டான்லா? மிசின்ல மட்டும் நின்னதா எழுதியிருப்பான்.

— நீங்க பாத்தியளா சார்?

— பாத்தவிய சொன்னாவ. நான் எங்க போனேன்?

— ஆமா. நீங்க நாலாம் கார்டு மிசின்கிட்ட நின்னிய.

— பழசை எதுக்குக் கிளறுத? அன்னிக்கு உன் தம்பி பொன்னுராஜ் பஞ்சு சீவுற அந்தக் கார்டு மிசினுக்குள்ள கைய விட்டுக்கிட்டு, மத்தக் கையால அவனே சுவிட்சப் போட்டுட்டான். விசாரணையில பாத்ததச் சொன்னேன். மிசினைச் சுத்தம் பண்ணுறப்ப சூப்பர்வைசர் சுவிட்சுகிட்ட நிக்கணும், நான் நின்னேன். அவன் அவசரக்குடுக்கை. அதுக்கு மில்லு என்ன செய்யும்? வீட்டுக்கு அனுப்பிட்டாவ.

— சரி சார். கொயரிய, அதான் கம்ப்யூட்டர்கிட்டக் கேக்குற கேள்விய, ஓட்டுதேன்.

— ஏ, என்ன இது, ஐப்பசி மழை கணக்கா கொட்டுது. மில்லு பூரா திருட்டுப்பயலுவளா?

— தேதியைக் கோக்காம விட்டுட்டேன் சார். டோக்கனை மட்டும் கோத்தா, ஒருத்தரோட திங்கக்கெழமை அவரோட செவ்வாக்கெழமைகிட்டப் போய்ச் சண்டை போடும்.

— என் வீட்டுக்காரி மாதிரி. அவளும் இப்படித்தான் கோத்துப் பேசுவா. செத்த நேரம் நிறுத்து, மேனேஜருக்குப் போன் போட்டுக்கிடுதேன்... சார், வணக்கம், தனுஷ்கோடி. லிஸ்ட் இப்போ வந்துரும். நம்ம பேசுனபடிதான சார்? எவன் பேரு பொருந்தலையோ அவனை இன்னிக்கே அனுப்பிரணும். தயவு தாட்சண்யம் கூடாது. சரி சார், சரி சார்... கேட்டியா தாயி? ஷிப்டு இன்சார்ஜ் நாற்காலி எனக்கு வரவேண்டியது. அந்த மேஸ்திரி என் தலைக்கு மேல ஏறி உக்காந்தான்லா, இன்னிக்கு எறக்குதேன்.

— தேதியையும் கோத்துட்டேன். ஆடிப்பூரம் அன்னிக்கு மட்டும் கேக்கேன்.

— பிரிண்டு?

— நீங்க சொன்னமாதிரி மேனேஜர் ரூம் பிரிண்டருக்கே போகும்.

— போகட்டும். நாம தொட்டோம், மாத்துனோம்னு பேச்சு வரப்பிடாது. நானே தட்டுதேன். எந்தப் பொத்தான்?

— அந்தப் பெருசு சார்.

— தட்டியாச்சு. வந்துருச்சா?

— ஒரே ஒரு வரி சார்.

— ஒண்ணு போதும்.

— மேஸ்திரி இல்ல. அவரு லீவு எழுதிக் குடுத்துட்டுத்தான் போயிருக்காரு. ரெண்டு டேபிள்லயும் லீவு. பொருந்திருச்சு. இது டோக்கன் எழுவத்தொண்ணு. மிசின் டேபிள்ல, நாலாம் கார்டு, சூப்பர்வைசர், வந்தாரு. கேட்டுல, வரல.

— எழுவத்தொண்ணு என் நம்பர்லா.

— ஆமா சார்.

— இருக்காது. கேட்டுல போடச் சொல்லி நம்ம செக்‌ஷன் மாரிச்சாமிகிட்டக் குடுத்தேனே.

— அவரும் வடம் புடிக்கப் போயிட்டாரு. உங்க டோக்கன் சாயந்திரம் வரைக்கும் அவரு மடியில கிடந்திருக்கு. பயந்துக்கிட்டு உங்ககிட்டச் சொல்லல, நான் கேட்டப்பத்தான் ஒத்துக்கிட்டாரு. சம்பளம் மிசின் டேபிளை வச்சுப் போடுததுனால யாருக்கும் தெரியல. கேட் வருகையை இந்த மாசந்தான் ஏத்தி முடிச்சேன்.

— நீ முன்னாலயே பாத்துட்டியாட்டி?

— முந்தாநாளே ஓட்டிப் பாத்துட்டேன். நான் கொண்டுபோய்க் குடுத்தா, தம்பிக்காக மாத்திட்டான்னு சொல்லுவிய. அதான் உங்க விரலாலயே தட்டட்டும்னு இருந்தேன்.

— அழிச்சிரு தாயி. உங்க சிலுவைச் சாமிமேல ஆணையா, பொன்னுராஜுக்கு நான் மறுபடி வேலை வாங்கித் தாரேன்.

— எங்க சாமி மன்னிக்கச் சொல்லும் சார். அதான் இன்னிக்கு அதுகிட்ட எதுவும் கேக்காம வந்தேன்.

— கொஞ்சம் கருணை காட்டு. பிள்ளகுட்டிக்காரன்.

— மேனேஜர் ரூமுக்கு ஓடுங்க சார். லிஸ்டை வாங்க எந்தம்பிய அங்க உக்கார வச்சிருக்கேன். பிரிண்டர் தாளைக் கிழிக்க ரெண்டு கை வேணும், அவனுக்கு ஒண்ணுதான் இருக்கு. நீங்க மறுபக்கம் புடிச்சுக் குடுங்க.