நாலு போகணும், இருபது போகுது

இல்ல தம்பி, நீங்க பேட்டரியப் பாருங்க, வயரப் பாருங்க, என்னத்த வேணா பாருங்க... கடைசியில "எல்லாம் சரியா இருக்கு மேடம்"னு மட்டும் சொல்லிட்டுப் போயிராதீங்க. போன வாரம் கம்பெனியிலருந்து வந்தவர் அதத்தான் சொன்னாரு. அதுக்கு முந்தி வந்தவரும் அதேதான். ரெண்டு பேருக்கும் டீ போட்டுக் குடுத்தது வேற நான். எல்லாம் சரியா இருந்தா இந்தக் கரண்டு கார்ல சார்ஜ் எங்க போகுது? என் ஆபீஸ் போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு கிலோமீட்டர். ஒரு நாளைக்கு நாலு சதவீதம் எறங்கணுமாம். இருபது எறங்குது. நாலு போகணும், இருபது போகுது. மிச்சம் பதினாற யாரு தின்னுட்டுப் போறாங்க? இந்தப் பார்க்கிங்ல எலி கூடக் கெடையாது.

இந்தக் கணக்கெல்லாம் என்னுது இல்ல, எங்க வீட்டுக்காரருது. கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. போன்லயே எத்தன சதவீதம் இருக்குன்னு பாத்துக்கலாம் சார்னு ஷோரூம்ல படிச்சுப் படிச்சு சொன்னாங்க. நம்புவாரா? காலையில ஏழு மணிக்கு லுங்கியோட அஞ்சு மாடி எறங்கி வந்து, நேர்ல பாத்து, டைரியில எழுதிட்டுத்தான் காபி. வண்டி வாங்குன கதையக் கேட்டா நீங்க சிரிப்பீங்க... உங்களுக்கு நேரம் இருக்குல்ல? டிரைவர் சீட்டுல உக்காந்து உங்க கம்ப்யூட்டர் வயர மாட்டுங்க நீங்க பாட்டுக்கு, நான் பேசிட்டே இருக்கேன்.

ஏழு ஷோரூம் தம்பி. ஏழு. ஒவ்வொண்ணுலயும் பின் சீட்டுல ஏறி உக்காந்து முட்டி இடிக்குதான்னு பாப்பாரு. இடிக்கும். சின்ன வண்டின்னா இடிக்காம என்ன பண்ணும்? "நீங்கதான் முன்னாடி உக்காரப் போறீங்களே"ம்பேன். "என்னைக்காவது பின்னாடி உக்கார வேண்டி வந்தா?"ம்பாரு. டிக்கியில என்ன வைக்க முடியும்னு பாக்குறதுக்கு எங்க மாமனாரோட சக்கர நாற்காலிய மடக்கித் தூக்கிட்டு வந்துட்டாரு ஒரு நாள். அந்த விக்கிற பொண்ணு மொகத்தப் பாக்கணுமே நீங்க. நல்ல பொண்ணு, பொறுமைசாலி. அதுதான் என்னைய டிரைவர் சீட்டுல உக்கார வச்சு, வெளிய நின்னு கதவச் சாத்துச்சு.

சாத்துனதும் பாருங்க... சத்தமே இல்ல. ரோட்டுல லாரி போகுது, இவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைய ஆட்டி ஆட்டி என்னமோ கேக்குறாரு, வாய் மட்டும் அசையுது. எனக்கு ஒண்ணும் கேக்கல. அப்படியே கண்ண மூடிக்கிட்டேன். எறங்கி வந்து, "இதே வண்டி, இதே வண்டிதான்"னு ஒத்தக் கால்ல நின்னேன். மைலேஜ் கேக்கல, கலர் கேக்கல. மஞ்சள் கலருன்னு வீட்டுக்கு வந்தப்புறம்தான் பாத்தேன்.

ஆமா, மூணு மாசம்தான் ஆச்சு. ஓட்டுறதுக்கு சொகமாத்தான் இருக்கு, அதக் கொற சொல்ல மாட்டேன். கியர் கெடையாது, பெட்ரோல் நாத்தம் கெடையாது. மார்க்கெட் சந்துக்குள்ள கூட வளைச்சு எடுத்துடலாம். சத்தமில்லாம போறதால ஆளுங்கதான் ஒதுங்க மாட்டேங்குறாங்க. ஒருத்தர் பின்னாடியே அரை ரோடு போனேன், அவர் பாட்டுக்குப் போன்ல கல்யாணம் பேசிட்டுப் போறாரு. எனக்கு அந்த மாப்பிள்ள சம்பளமே தெரிஞ்சு போச்சு.

என்ன சொல்ல வந்தேன்... ஆங், இருபது. அந்த இருபதாலதான் தம்பி வந்தது வெனை. இவர் கம்பெனிக்கு லெட்டர் எழுதி மேல வீட்டுல மேசையில வச்சிருக்காரு. மூணு பக்கம். கடைசியில ஒரு வரைபடம் கூடப் போட்டிருக்காரு. இன்னைக்கு நீங்களும் காரணம் கண்டுபிடிக்கலன்னா வண்டியத் திருப்பி எடுத்துக்கோங்கன்னு எழுதியிருக்கு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. அதனால... நீங்க நல்லாப் பாருங்க. ஏதாவது சின்னதா, மாத்துனாச் சரியாப் போற மாதிரி ஒரு கோளாறு. ஒரு நட்டு, ஒரு போல்ட்டு... இந்த வண்டியில நட்டு போல்ட்டு உண்டா இல்லையா? வண்டி மட்டும் போகக் கூடாது தம்பி. அது போச்சுன்னா நான் எங்க... சரி, பாருங்க நீங்க.

அது என்ன, ஸ்கிரீன்ல மலை மலையா வருது?

மணி வாரியாவா? எந்த நேரத்துல எவ்வளவு எறங்குச்சுன்னு எல்லாம் இதுல இருக்குமா... மூணு மாசத்துக்கும்? முன்னாடி வந்தவங்க இதெல்லாம் பாக்கலையே. ஒரு டார்ச் அடிச்சுப் பாத்துட்டுப் போனாங்க, பாவம். நீங்க ரொம்பப் படிச்சவர் போல.

சாயங்காலம் ஆறரையிலருந்து ஒம்பது... ஓ. வண்டி நகரலையா. ஏசி மட்டும் ஓடுதா. தினமுமா... ஞாயித்துக்கெழம கூடவா.

ஷூவப் பாக்காதீங்க தம்பி.

ம்... வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு. அடிப்பக்கம் இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு, ஆமா. வாக்கிங் ஷூ. வீட்டுல நான் தினமும் வாக்கிங் போறேன். அப்படித்தான் அவங்களுக்குத் தெரியும். ரெண்டரை மணி நேர வாக்கிங். என் மருமக, "அத்தையப் பாத்துக் கத்துக்கோங்க"ன்னு என் பையன்கிட்ட தினமும் சொல்லுது. டாக்டர்தான் முழிக்கிறாரு, இவ்வளவு நடந்தும் மூணு கிலோ ஏறியிருக்கேன்னு. நீங்க வேற சிரிக்கிறீங்க.

சிரிங்க, சிரிங்க. எனக்கே சிரிப்பு வருது.

கேளுங்க. நான் தண்ணி ஆபீஸ்ல புகார் போன் எடுக்குறவ. காலையில எட்டு மணிக்குக் காதுல மாட்டுனா அஞ்சு மணி வரைக்கும், "தண்ணி வரல, வந்தது கலங்கலா வருது, பக்கத்து வீட்டுக்கு மட்டும் எப்படி வருது". அத முடிச்சுட்டு மேல போனா எங்க மாமனார் டிவிய வச்சிருப்பாரு. அவருக்குக் காது மந்தம், அதனால தெருவுக்கே சேத்து வைப்பாரு. ரெட்டைப் பேரப்புள்ளைங்க, பத்து மாசம். ஒண்ணு தூங்குனா ஒண்ணு அழும், முறை போட்டு வச்சிருக்குதுங்க. பையன் இருக்குற ஒரே மூலையில கம்பெனி மீட்டிங்ல இருப்பான். இவர் அந்த டைரியத் தூக்கிட்டு என் பின்னாடியே சமையக்கட்டுக்கு வந்து, "இன்னைக்கும் இருபது"ன்னு ஆரம்பிப்பாரு. ரெண்டு ரூம் வீடு. பாத்ரூம்ல பத்து நிமிஷம் சேந்தாப்புல இருந்தா, "என்ன ஆச்சு, மயக்கமா"ன்னு கதவத் தட்டுவாங்க. யாரும் கெட்டவங்க இல்ல தம்பி, அதான் பிரச்சனையே. கெட்டவங்களா இருந்தா ஒரு சண்டையப் போட்டுட்டு நாலு நாள் தனியா உக்காந்திருப்பேன். இவங்கள்லாம் தங்கமான ஆளுங்க. தங்கத்துக்கு நடுவுல கால் நீட்ட எடமில்ல.

அதனால ஷூவ மாட்டிக்கிட்டு எறங்கி இங்க வந்துருவேன். சீட்ட சாய்ச்சு, ஏசியப் போட்டு, கதவச் சாத்திக்குவேன். பாட்டெல்லாம் போட மாட்டேன். போனையும் அமத்திருவேன். சும்மா இருப்பேன். பேச மாட்டேன், யார் பேசுறதையும் கேக்க மாட்டேன். நம்புங்க, ரெண்டரை மணி நேரம் நான் வாயத் தெறக்குறதில்ல. பத்து நிமிஷத்துல தோள்பட்ட எறங்கும் பாருங்க... அழுகையே வந்துச்சு மொத நாளு. ஐம்பத்தாறு வயசுல எனக்குன்னு ஒரு ரூம் கெடைச்சிருச்சு, நாலு சக்கரத்தோட.

தப்பு எங்க ஆச்சுன்னா, ஒரு நாள் இவர், "சார்ஜ் ஏன் இப்படி எறங்குது"ன்னாரு. உண்மையச் சொல்லியிருக்கலாம். திருட்டு முழி முழிச்சுட்டு, "வண்டியில ஏதோ கோளாறுங்க"ன்னுட்டேன். அவ்வளவுதான். மனுசன் எனக்காக டைரி போட்டு, வரைபடம் போட்டு, "உன்னைய ஏமாத்திட்டானுங்க, விட மாட்டேன்"னு கம்பெனியோட சண்டைக்கு நிக்கிறாரு. நானும் கூடச் சேந்து கத்துனேன். அந்த விக்கிற பொண்ணப் போய் புளுகு மூட்டைன்னு சொல்லிட்டேன் தம்பி. இப்பக் காரணம் தெரியலன்னு எழுதுனா வண்டி போயிரும். ஏசிதான்னு எழுதுனா, "ஏசி போட்டு உக்காந்திருந்தது யாரு"ன்னு கேப்பாரு. நீங்கதான் ஒரு வழி சொல்லணும். நல்லா யோசிங்க, அவசரமில்ல, எனக்கு ஆபீஸ் லீவுதான் இன்னைக்கு. இதுக்காகவே லீவு போட்டேன். அதுக்கு எங்க மேனேஜர் என்ன சொன்னாரு தெரியுமா...

தம்பி? கால வண்டிக்குள்ள இழுத்துட்டீங்க. ரிப்போர்ட் எழுதவா? எழுதுங்க. கதவ எதுக்குச் சாத்துறீங்க, நான் இங்கதான நிக்கி...

தம்பி. தம்பி, நான் பேசுறது கேக்குதா?

கேக்காது. நான்தான சொன்னேன். ஏசி வேற போட்டாச்சு. சீட்டச் சாய்க்கிறாரு பாரேன்... கண்ண மூடிட்டாரு. அடப்பாவி.

என்ன, கண்ணத் தெறந்து ஏதோ தட்டிட்டு, கம்ப்யூட்டரக் கதவுக் கண்ணாடிப் பக்கம் திருப்புறீங்க? இருங்க, என் மூக்குக் கண்ணாடியப் போட்டுக்குறேன். ம்... "வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. வீட்டில் ஆள் அதிகம்."

இத எங்க வீட்டுக்காரர்கிட்டயே காட்டிருவீங்களா தம்பி?

காட்டுங்க. காட்டத்தான் வேணும். எப்படியும் படிச்சுட்டு, "பின் சீட்டு காலியாத்தான இருக்கு, நானும் வர்றேன்"னு எறங்கி வந்து நிப்பாரு மனுசன். வரட்டும். வந்தா வாயில விரல வச்சுக்கணும்னு சொல்லிருவேன். முட்டி இடிச்சா அது அவர் பாடு.

கேக்கல உங்களுக்கு, தெரியும். அந்தப் பக்கத்துக் கதவத் தெறங்க... கதவு, கதவு. நானும் வந்து உக்காருறேன். பேச மாட்டேன்.