குட்டை ஸ்பிரிங்

மழைக்காலம் முடிந்தால் வண்டிக்கு ஏதாவது செய்வது என் வழக்கம். போன வருடம் சீட் உறை, இந்த வருடம் ஸ்பிரிங். அதில் கேட்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, ஐயா. கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

வடக்குப்பட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு தினமும் என் ஃபியட்டில்தான் வேலைக்குப் போகிறேன். வளைவில் வண்டி சாய்ந்தால் எனக்குப் பிடிக்காது. பந்தய வண்டிக்குப் போடுகிற குட்டை ஸ்பிரிங்கை வாங்கிவந்து மாட்டச் சொன்னேன். வண்டி தாழ்ந்து விறைப்பாக நிற்கும், ஆடாது.

ஒரகடம் மெக்கானிக் லாசர் தலையைச் சொறிந்தான். “இன்னா சார், டெய்லி ஓட்ற வண்டிக்கு இது இன்னாத்துக்கு? நம்ம ரோட்டுல ஒவ்வொரு பள்ளமும் இடுப்புல வந்து குத்தும்.”

“பரவால்ல, மாட்டு. பழச மட்டும் தூக்கிப் போட்டுடாத. கொஞ்ச நாள்தான்” என்றேன்.

கலைமதி என் தம்பி சுபாஷின் மனைவி. ஆவணியில் அவன் லாரியில் அடிபட்டுப் போனான். அழுதேன், நிஜமாகவே அழுதேன். அப்போது அவளுக்கு இரண்டாவது மாதம்.

பிள்ளை இல்லாத விதவை பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மணிமங்கலத்திலிருந்து அவள் அண்ணன் வருவான், எங்கள் பொது நிலத்தில் பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட வைப்பான், அழைத்துப் போவான். யாருக்கும் மனக்கசப்பு இருக்காது. பிள்ளை வந்துவிட்டால் நிலத்தின் நடுவே வரப்பு விழும். நிலம் வாங்க வரும் கம்பெனிக்காரர்கள் துண்டு நிலத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்.

அவளும் ஸ்ரீபெரும்புதூரில்தான் டைப்பிஸ்ட். கர்ப்பம் கீழே இறங்கியிருக்கிறது, உடம்பு குலுங்கவே கூடாது, பஸ் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. என் வண்டியில் கூட்டிப் போகிறேன் என்று நானே முன்வந்தேன். ஊரே மெச்சியது. அதற்கு அடுத்த வாரம்தான் லாசரிடம் போனேன்.

“மாமா, முன்னல்லாம் இப்டி தூக்கிப் போடலியே. நான் பஸ்லயே போய்க்கிறேன்” என்றாள்.

“பஸ்ல நெரிசல்மா. இன்னா இருந்தாலும் நம்ம வண்டி” என்றேன். முன் சீட்டில்தான் உட்கார வைத்தேன்.

கல்குவாரி லாரிகள் கிழித்துப் போட்ட ரோடு அது. நான் கிழித்ததல்ல. பள்ளத்தைச் சுற்றிப் போயிருக்கலாம்தான். நேராகப் போனேன்.

மார்கழியில் ஒரு காலை, ஒரகடம் தாண்டியதும், “மாமா, நிறுத்துங்க” என்று டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. நடுரோட்டில் நிறுத்தினால் இருவருக்குமே ஆபத்து. அவள் வேலை செய்யும் கம்பெனி கேட்டில்தான் நிறுத்தினேன். சீட் உறை முழுக்க ரத்தம்.

ஆண் குழந்தை என்றார்கள்.

மறுநாளே பழைய ஸ்பிரிங்கை மாட்டச் சொன்னேன். லாசர் அவற்றை எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி வைத்திருந்தான். மாட்டிவிட்டு நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறான். நல்ல வேலைக்காரன், அவன்மேல் எனக்கு வருத்தமில்லை.

ஆமாம், கரு கலையட்டும் என்றுதான் மாட்டினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான்தான். ஒவ்வொரு பள்ளத்தையும் பார்த்துப் பார்த்துச் சுற்றி ஓட்டினேன். வழியெல்லாம் ஒரு குலுக்கல் இல்லை. வேண்டுமானால் அவளையே கேளுங்கள்.