பாதை நன்றாக இருக்கிறது

புதிதாக ஒரு மொழி படிக்கிறவர்கள் வணக்கம் சொல்வதில் தொடங்கக் கூடாது, ஐயா. பாதையில் தொடங்க வேண்டும். எந்த அரசாங்கம் வந்தாலும் முதலில் விசாரிப்பது அதைத்தான்.

நான் செல்வரத்தினம். சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு, ஜப்பான்காரர்கள் சுங்கைப் பட்டாணியில் நடத்திய மொழி வகுப்பில் சேர்ந்தேன். மற்றவர்கள் பாட்டும் கும்பிடும் படித்துக்கொண்டிருக்க, நான் "மிச்சி கா வருய் தெஸ்" என்று படித்தேன். பாதை மோசம் என்று பொருள். "மிச்சி வா யோய் தெஸ்" என்றால் பாதை நன்றாக இருக்கிறது. "ஹாஷி கா ஒச்சிமாஷ்தா" என்றால் பாலம் விழுந்துவிட்டது. யாழ்ப்பாணத்து நாக்குக்கு எந்தப் பாஷையும் பிடிபடும் என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

அப்போது பெட்ரோல் தட்டுப்பாடு. பாதையை விசாரிக்காமல் லோரி அனுப்ப மாட்டார்கள். அதனால் வாராவாரம் சைக்கிளில் போய் அதிகாரியிடம் பாதை நிலவரம் சொல்வது என் வேலையாயிற்று. மழைக்காலம் முழுக்க மோசம் என்றே சொன்னேன், மோசமாகத்தான் இருந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லோரி மற்றத் தோட்டங்களுக்கெல்லாம் போனது, எங்களிடம் வரவில்லை.

பங்குனியில் மாரியம்மன் திருவிழா. தேர் குலுங்கினால் அம்மனுக்கு ஆகாது என்று ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டுகிற ஜனங்கள் வருஷா வருஷம் பாதையைச் செப்பனிடுவார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு, நிற்கவே தெம்பில்லாதவர்கள், அந்த வருஷமும் கல் சுமந்து குழிகளைத் தூர்த்தார்கள். பக்தி என்றால் அப்படி ஒரு பக்தி. நானும் குடை பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தேன்.

முன்னால் நின்று கல் கொட்டிய பழனியாண்டிக்குத்தான், எல்லாம் முடிந்த பிறகு, புத்தி வந்தது.

"கிராணி ஐயா, ரோடு இன்னும் மோசந்தான்னு சொல்லிடுங்க. லோரி வந்தா எங்கள அள்ளிட்டுப் போயிடுவான். ஆத்தாவுக்குப் போட்ட ரோடுங்க, அவனுக்கா போட்டோம்?"

"நான் பொய் சொல்ல மாட்டன், பழனியாண்டி," என்றேன். அவன் மனைவி மருதம்மாள் என் காலைப் பிடித்தாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அன்றுதான் காற்சட்டையைத் தோய்த்துப் போட்டிருந்தேன்.

அதிகாரியிடம் போனேன். நல்ல வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுவதும் கெட்ட வாக்கியத்தையே சொல்லி வந்தவனின் ஏக்கம் உங்களுக்குப் புரியும். "மிச்சி வா யோய் தெஸ்" என்றேன். சுத்தமாக வந்தது. "ஜோத்தோ" என்று முதுகில் தட்டினார், அதாவது பிரமாதமாம். வெள்ளைக்காரத் துரை ஒருநாள்கூட என் இங்கிலீஷைப் பாராட்டியதில்லை.

தேர் நிலைக்கு வந்த மறுநாள் காலை லோரி வந்தது. கொஞ்சமும் குலுங்காமல் வந்தது. பழனியாண்டியையும் தொழிலாளர் லயத்து ஆண்களையும் ஏற்றிக்கொண்டு போனது. அவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

"நீங்க அவன்கிட்ட என்னங்கய்யா சொன்னீங்க?" என்று மருதம்மாள் கேட்டாள்.

"இருந்ததைத்தான் சொன்னனான்," என்றேன். இப்போது யுத்தம் முடிந்து விசாரணைக்கு வந்திருக்கும் உங்களிடம் முறையிட்டிருப்பதும் அவள்தான். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் ஆள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, ஐயா. என்னிடம் கேட்டது பாதையை, நான் சொன்னது பாதையை.

மூன்றாவது வாக்கியம் என்னவாயிற்று என்கிறீர்களா? படித்த எதையும் ஒரு தடவையாவது சொல்லிப் பழக வேண்டாமா? அடுத்த மாதம், சயாமில் கணக்கு எழுதக் கிராணிமார் வேண்டும், ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டத்துக்கு லோரி போகுமா என்று அதிகாரி கேட்டார். அங்கே கிராணியாக இருப்பவர் இராசையா, என் தங்கையின் புருஷன். "ஹாஷி கா ஒச்சிமாஷ்தா" என்றேன். அதுவும் சுத்தமாகவே வந்தது.

நல்ல உறுதியான பாலம், ஐயா. இன்று காலை நீங்கள் அதன் மேல்தானே காரில் வந்தீர்கள்?