பறவைகளுக்கு ஒரு வரவேற்புரை

நாற்காலி ஆடினாலும் நடுநிலை ஆடாத தலைவர் இளையபெருமாள் ஐயா அவர்களே! முன்வரிசையை முழுதாய் நிறைத்த மூத்தோர்களே! பாயும் பிள்ளையுமாய்ப் பந்தலுக்கு வந்த தாய்மார்களே! வேப்பங்கிளையில் தொங்கும் அண்ணன்மார்களே! ஒன்பதாம் வகுப்பு மாணவி செங்கமலத்தின் பணிவான வணக்கம்.

ஏரிக்கரையிலே நம் இயற்கை மன்றம் இருக்கிறது. பருவத்துக்கு ஒரு குடும்ப நிகழ்ச்சி. கோடையில் குடும்பத்தோடு ஓடையில் நத்தை தேடினோம். ஆடியில் குடும்பத்தோடு விதை ஊன்றினோம். பாதியை ஆடு தின்றது. அந்த ஆடும் ஒரு குடும்பத்தோடுதான் வந்தது! கார்த்திகையில் பறவை பார்த்தோம். பார்த்தோமா?

"இல்ல!" என்கிறீர்கள். அதனால்தான் இன்று தீர்மானம் வந்திருக்கிறது: பறவை இல்லாத ஏரிக்கு மன்றம் எதற்கு, அந்தக் கட்டடத்தில் உர மூட்டை அடுக்குவோம் என்று. அதை எதிர்த்துப் பேசவே வந்திருக்கிறேன்.

பறவை இல்லையா? அன்று விடியலில், ஊரார் வேட்டியெல்லாம் உலர்த்தியது போல் ஏரி வெளுத்திருந்ததே! நாரை என்ன, கொக்கு என்ன! ஆனால் நாம் எப்படிப் போனோம்? நமக்கு மைக் செட் இல்லாமல் காதுகுத்து உண்டா? கல்யாணம் உண்டா? பறவை பார்ப்பது மட்டும் உண்டா? மாயவன் அண்ணன் பேட்டரியோடு வந்து, புளியமரத்தில் இரண்டு குழாய் கட்டினார். ஒன்று ஊரைப் பார்த்து; ஒன்று ஏரியைப் பார்த்து.

"ஏன்டா மாயவா, ஏரிப் பக்கம் யாரு இருக்கா?" என்றார் அங்கமுத்துப் பெரியப்பா.

"கொக்குங்க இருக்குல்ல பெரியப்பா? அதுங்களுக்கும் கேக்கணும்ல!"

கேட்டது! "அலோ, அலோ, மைக் டெஸ்டிங்" என்றதில் முதல் அலோவுக்கே ஏரி எழுந்தது. அடுத்து நம் தலைவர், "நெடுந்தூரம் பறந்து வந்த விருந்தினர்களே, வருக, வருக!" என்றார். இரண்டாவது வருகவுக்குள் விருந்தினர்கள் அரியலூரைத் தாண்டிவிட்டார்கள். செல்லக்கண்ணுச் சித்தி மட்டும், "அடுத்த ஆட்டம் எப்பங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நன்றியுரையும் நடந்தது. தண்ணீர் கேட்டுக்கொண்டது.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். மறு ஞாயிறு நான் அப்பா அம்மாவோடு அங்கே போனேன். என் அப்பா பேசாமல் இருக்கமாட்டார் என்பது ஊரறிந்தது. அம்மா அவர் வாயில் கடலை மிட்டாயாக வைத்துக்கொண்டே இருந்தார். நாரைகள் திரும்பியிருந்தன! குஞ்சுகள் இரைக்கு அடித்துக்கொண்டன. அப்பா என் காதோடு, "ஏ புள்ள, நம்ம வூட்டுல சோத்துக்கு நடக்குற மாதிரியே இருக்கு, பாரேன்" என்றார். அப்பா என் பக்கத்தில் அத்தனை நேரம் உட்கார்ந்தது அன்றுதான்.

என்ன நஜீமா அக்கா? மிட்டாய் மீதி இருக்கிறதா என்றா? தீர்மானம் தோற்றால் தருகிறேன்!

சொல்லுங்கள் பெரியோர்களே! குற்றம் ஏரியினுடையதா? பறவையினுடையதா? மன்றத்தினுடையதா? மூட வேண்டியது நம் வாயை! மன்றத்தை ஏன் மூட வேண்டும்?

இந்த ஞாயிறு குடும்பத்தோடு வருகிறேன் என்பவர்கள் கை தூக்குங்கள். தட்ட வேண்டாம், தூக்கினால் போதும்... தாய்மார்கள் பக்கம் ஒரு கைகூட மடியில் இல்லை! மாயவன் அண்ணா, நீங்களுமா? ஐயா... தலைவர் ஐயாவே தூக்கிவிட்டார்! உர மூட்டை வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்!

ஞாயிறு விடியலில் கரையில் கூடுவோம். அங்கே யாரும் வாய் திறக்கக் கூடாது. ஆகவே அன்றைக்குச் சொல்ல வேண்டிய நன்றியையும் வணக்கத்தையும் இன்றே சேர்த்துச் சொல்லி அமர்கிறேன்.